குட்வில் எஸ்டேட்டில் ஒரு ராத்திரியின் விலை

சென்னை விமான நிலையத்தில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்துவிட்டு, ஒரு நாள் தாமதமாகத்தான் குட்வில் எஸ்டேட் போய்ச் சேர்ந்தேன். நவம்பர்க் கடைசி. வங்கக் கடலில் காற்றழுத்தம்; விமானம் ரத்து. தெற்கு அந்தமானில் இருக்கும் அந்த வீட்டின் கேட்டைத் திறந்தபடியே வீட்டுக்கார அக்கா கேட்ட முதல் கேள்வி: "சாப்டீங்களா தம்பி?"

இரண்டாவது கேள்வியை நான்தான் கேட்டேன். வராமல் போன நேற்று ராத்திரிக்கு வாடகை உண்டா, இல்லையா?

"அதைத்தான் நாங்களும் ஒரு வாரமா வீட்ல பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் அவர். "முதல்ல கைகால் கழுவுங்க."

குட்வில் எஸ்டேட் என்பதை 'நல்லெண்ணத் தோட்டம்' என்று மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பு எனக்குச் சோறு போடும் தொழில் என்பதால், ஊர்ப்பெயரைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. ஆனால் இந்த ஊரில் நான் தங்கியிருந்த நான்கு நாளும் அந்த வீட்டில் ஓடிய விவாதம் ஒன்றே ஒன்றுதான்: நல்லெண்ணத்தை எழுதி வைக்கலாமா, கூடாதா?

பாக்கு மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட வீடு. முன்பக்கம் குடும்பம். பக்கவாட்டில் சுற்றுலாப் பயணிகளுக்காக இரண்டு அறைகள். அக்காவின் மாமனார் ஐம்பதுகளில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். சாத்தம் மர ஆலையில் கூலி வேலை. 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர் இருந்த இந்தத் தீவுக் கூட்டத்தில் பெரிய கூட்டங்களில் ஒன்று தமிழர்கள். மூன்றாவது தலைமுறை வந்துவிட்டது. அக்காவின் மகன் இந்தியிலும் தமிழிலும் ஒரே வேகத்தில் பேசுகிறார். தமிழ்நாட்டை 'மெயின்லேண்ட்' என்கிறார்.

2014இல் ஓர் அறை, பிறகு இன்னொன்று. சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விடுவதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகமே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அறைக்கு ஒரு ராத்திரிக்கு ரூ. 2,500, காலைச் சாப்பாடு சேர்த்து. இதுவரை எல்லாம் போன் பேச்சுதான். பாதிப் பணம் முன்பணமாக வரும். வராவிட்டால் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார். "வராதவங்க காசு நமக்கெதுக்கு?"

இந்த வருஷம் மகன் அறைகளை ஓர் இணையதளத்தில் ஏற்ற உட்கார்ந்தார். படம் போட்டாயிற்று, விலை போட்டாயிற்று. அடுத்த பக்கத்தில் செல்போன் கேட்டது: உங்கள் ரத்து விதி என்ன? மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது, வருவதற்கு ஒரு நாள் முன்பு சொன்னால்கூட முழுப்பணமும் திருப்பித் தரும் தாராள விதி. இரண்டாவது, ஐந்து நாள் முன்பு வரை. மூன்றாவது கண்டிப்பானது: 30 நாள் முன்பே சொன்னால்தான் முழுப்பணம், அதற்குப் பிறகு பாதி, கடைசி வாரத்தில் எதுவும் கிடையாது.

மகனின் விரல் மூன்றாவதன் மேல். அக்காவின் விரல் முதலாவதன் மேல். ஒரு வாரமாக அறைகள் தளத்தில் ஏறவில்லை.

"சார் தமிழ் எம்.ஏ. எழுதுறவரு. அவரே சொல்லட்டும்" என்றார் மகன், ராத்திரிச் சாப்பாட்டின்போது. தமிழ் எம்.ஏ.வுக்கும் ஓட்டல் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். மீன் குழம்பு நன்றாக இருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் காலை அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். யார் எப்போது வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தது. மூவரும் திண்ணையில் உட்கார்ந்து போன சீசனை எண்ணினோம். பதிவு செய்துவிட்டுக் கடைசி ஒரு மாதத்துக்குள் வேண்டாமென்று சொன்னதால் காலியாகக் கிடந்த ராத்திரிகள் 26. அக்கா ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தார். 'பிளேன் இல்லை', 'போட் நின்னுபோச்சு', 'லீவு கிடைக்கலையாம்', 'கோவா போறாங்களாம்'.

இரண்டு பத்தியாகப் பிரித்தேன். விமானத்தாலோ கடலாலோ போனவை 7. மனம் மாறிப் போனவை 19.

அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எல்லாம் கடலாலதான்னு நினைச்சிருந்தேன்."

மகனின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு ராத்திரி என்பது மீன் மாதிரிகூட இல்லை. மீனை ஐஸில் வைத்து மறுநாள் விற்கலாம். டிசம்பர் 28ஆம் தேதி ராத்திரியை 29ஆம் தேதி விற்க முடியாது. ஆள் வராததால் மிச்சமாவது இட்லி மாவும் சோப்பும் கொஞ்சம் கரண்டும்தான். மற்றதெல்லாம் நஷ்டம்.

அந்த நஷ்டம் உண்மையில் எவ்வளவு என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: அறை வேறு ஒருவருக்குப் போகுமா? இங்கேதான் தீவு வேறுபடுகிறது. ஏற்காட்டில் ஓர் அறை வெள்ளிக்கிழமை ரத்தானால், சனிக்கிழமை காலை சேலத்திலிருந்து யாராவது பைக்கில் வந்து நிற்பார்கள். ஐந்து நாள் முன்பு வரை இலவச ரத்து என்பது அந்த ஊருக்குச் சரி. அந்தமானுக்கு யாரும் நினைத்த மாத்திரத்தில் வர முடியாது. சென்னையிலிருந்து கப்பலில் இரண்டரை, மூன்று நாள். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால் டிசம்பர் டிக்கெட்டை டிசம்பரில் வாங்குகிறவர் பணக்காரராக இருக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கனவே எங்கேயோ பதிவு செய்துவிட்டு வருகிறவர்கள்தான். ஆகவே கடைசி ஒரு வாரத்தில் ரத்தான அறை பெரும்பாலும் காலிதான்.

அம்மாவின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது, அதுவும் தீவு தரும் நியாயம்தான். ஏற்காட்டுக்கு வர முடியாமல் போகிறவர் பெரும்பாலும் தன் காரணத்தால் வராமல் போகிறார். இங்கே பயணி சூட்கேஸோடு விமான நிலையத்தில் நிற்கிறார், பயணம் நடக்கவில்லை. முந்தாநாள் நான் நின்ற மாதிரி.

உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2022 நவம்பரில் ஓடுபாதைப் பணிக்காக போர்ட் பிளேயருக்கு நாள்கணக்கில் விமானமே இல்லை. 2023 மே 3ஆம் தேதி கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவாலாகிச் சேவையை நிறுத்தியது. போர்ட் பிளேயருக்கும் பறந்துகொண்டிருந்த நிறுவனம் அது. கோடை விடுமுறைக்கு அந்த டிக்கெட்டை வைத்திருந்தவர் செய்த குற்றம் என்ன? (2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய அரசு பெயர் மாற்றியது. ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு, ஷாகித் தீவு. அக்கா வீட்டில் இன்னும் பழைய பெயர்கள்தான் புழங்குகின்றன.)

எல்லாவற்றையும்விட அக்காவுக்கு மறக்காதது 2016 டிசம்பர் முதல் வாரம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்; பேய் மழை; படகுகள் நின்றுபோயின. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். நிர்வாகம் கடற்படையைக் கூப்பிட்டது. ஐ.என்.எஸ். பித்ரா, பங்காரம், கும்பீர் ஆகிய கப்பல்கள் போய் ஆட்களை ஏற்றி வந்தன. அதே சுழல்தான் பிறகு வர்தா புயலாகி டிசம்பர் 12ஆம் தேதி சென்னையின் மரங்களைச் சாய்த்தது.

அந்த வாரம் அக்கா வீட்டில் இரண்டு குடும்பங்களின் பெரிய பெட்டிகள் இருந்தன. ஹேவ்லாக் போகிறவர்கள் பெட்டியை இங்கே விட்டுவிட்டுச் சின்னப் பையோடு போவது வழக்கம். திரும்பி வர வேண்டிய ராத்திரிக்கு வரவில்லை. அடுத்த ராத்திரியும் வரவில்லை. பெட்டிகள் மட்டும் அறையில். மூன்றாவது நாள் வந்து சேர்ந்தார்கள். கோயம்புத்தூர்த் தம்பதி கேட்காமலேயே இரண்டு ராத்திரி வாடகையையும் எடுத்து வைத்தார்கள். மற்றக் குடும்பத்துக்காரர் பைசா தர மாட்டேன் என்று சத்தம் போட்டார்.

"ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபமில்லை தம்பி. ரெண்டு பேருக்கும் என்ன நியாயம்னு தெரியாது. எனக்கும் தெரியாது. அதான் சண்டை."

இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 1902 ஜூன் மாதம் லண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழா. 26, 27 தேதிகளில் ஊர்வலம். ஊர்வலம் போகும் பால் மால் தெருவில் ஜன்னல் உள்ள வீடுகளுக்கெல்லாம் திடீர் கிராக்கி. க்ரெல் என்பவரின் வீட்டை அந்த இரண்டு பகல்களுக்கு மட்டும் 75 பவுண்டுக்குப் பேசினார் ஹென்றி என்பவர். முன்பணம் 25 பவுண்டு. 24ஆம் தேதி மன்னருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. ஊர்வலம் ரத்து. மிச்சம் 50 பவுண்டைத் தர மாட்டேன் என்றார் ஹென்றி. வீடு அங்கேயேதான் இருந்தது, கதவு திறந்துதான் இருந்தது, வராதது உங்கள் பாடு என்பது க்ரெல் தரப்பு. 1903இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹென்றி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேசப்பட்டது வெறும் அறை இல்லை, ஊர்வலத்தைப் பார்க்கும் வாய்ப்பு. அந்த அடிப்படையே போய்விட்டபின் பாக்கியைக் கேட்க முடியாது என்றது.

ஆனால் கொடுத்துவிட்ட 25 பவுண்டு? ஹென்றி அதைக் கேட்பதைக் கைவிட்டுவிட்டார். அதே ஊர்வலம் பற்றிய இன்னொரு வழக்கில், 1904இல், முன்பணமாக 100 பவுண்டு கொடுத்திருந்தவர் அதைத் திரும்பக் கேட்டார். கிடையாது என்றது நீதிமன்றம். ஊர்வலம் ரத்தாவதற்கு முன்பே தர வேண்டியிருந்த பாக்கியையும் தரச் சொன்னது. அதாவது ரத்தாகும்போது பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய இங்கிலாந்துக்கு 1943 வரை ஆயிற்று. அந்த வருஷம் வந்த சட்டம், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஏற்கனவே ஆன செலவை நீதிமன்றம் பார்த்துக் கழித்துக்கொள்ள விடலாம் என்றது.

நம்மிடம் இருக்கும் 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் முந்திக்கொண்டது. செய்ய முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 56ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமல் போனால் பெற்ற பலனைத் திருப்பிக் கொடு என்கிறது 65ஆம் பிரிவு. ஒப்பந்தத்தை மீறுகிறவருக்கு எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும், நியாயமான அளவுக்கு மேல் வாங்க முடியாது என்கிறது 74ஆம் பிரிவு. நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தண்டனையை நுகர்வோர் தலையில் கட்டுவதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இதையெல்லாம் நான் திண்ணையில் விளக்கி முடித்ததும் மகன் கேட்டார்: "அப்ப பிளேன் ரத்தானா சட்டப்படி நான் முழுசாத் திருப்பித் தரணுமா சார்?"

அங்கேதான் சிக்கல். இவர்கள் விற்பது அறையா, அந்தமான் பயணமா? அறை என்றால் அது இருக்கிறது. வராதது பயணியின் பாடு. பயணம் என்றால் அது நடக்கவில்லை. லண்டன் வழக்கில் ஊர்வலத்துக்காகத்தான் வாடகை என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. இங்கே அப்படி யாரும் பேசிக்கொள்வதில்லை. பேசாத இடத்தில்தான் வழக்கு வருகிறது. எனவே 2,500 ரூபாய்க்காக யாரும் உச்ச நீதிமன்றம் போகப்போவதில்லை என்பதால், முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வதுதான் ஏழைகளின் சட்டம்.

"அதான் தளமே எழுதி வெச்சிருக்கே, நாம டிக் பண்ணா போதும்" என்றார் மகன்.

போதுமா? 2020 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். உலகம் முழுக்க வீட்டுக்காரர்கள் ஏர்பிஎன்பி தளத்தில் தங்களுக்கென்று ஒரு ரத்து விதியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். கண்டிப்பான விதியை நம்பி வங்கிக் கடன் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. கொரோனா வந்தது. அதுவரை செய்திருந்த பதிவுகளில் மார்ச் 14 முதல் ஏப்ரல் 14 வரை வர வேண்டியவர்களுக்கு, வீட்டுக்காரர் என்ன விதி வைத்திருந்தாலும் முழுப்பணம் திருப்பித் தரப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. தங்களைக் கேட்கவே இல்லையே என்று வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். அந்த மாதக் கடைசியில் நிறுவனத்தின் தலைவர் பிரையன் செஸ்கி மன்னிப்புக் கேட்டு, 25 கோடி டாலர் ஒதுக்கினார். விதிப்படி கிடைத்திருக்க வேண்டியதில் கால் பங்கு வீட்டுக்காரர்களுக்குப் போனது.

பயணிக்கு முழுப்பணம் கொடுத்தது தவறென்று சொல்ல முடியாது. நோய்க்காலத்தில் யாரும் வந்து நிற்கவும் கூடாது. ஆனால் யார் பணத்தில் அந்தத் தாராளம் நடந்தது என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் அதே 2020இல் கல்யாண மண்டபங்களில் முன்பணம் கொடுத்துவிட்டு முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும். விமான டிக்கெட் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஊரடங்குக் காலத்தில், ஊரடங்குக் காலப் பயணத்துக்கே பதிவு செய்தவர்களுக்கு முழுப்பணமும் திருப்பித் தர வேண்டும் என்று 2020 அக்டோபர் 1ஆம் தேதி தீர்ப்பானது.

அன்று மாலை மகன் ஒரு சமரசத்தோடு வந்தார். தளத்தில் கண்டிப்பான விதியையே வைப்போம். நிஜமாகவே கடலாலோ விமானத்தாலோ வராமல் போனவருக்கு நாமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். விதியைவிட அதிகமாகக் கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. கண்டிப்பை எப்போது வேண்டுமானாலும் தளர்த்தலாம்; தளர்த்தியதை இறுக்க முடியாது.

கெட்டிக்காரத்தனமான வாதம். எனக்கே சரியென்று பட்டது. அக்காதான் தலையை ஆட்டினார்.

"நாமாப் பார்த்துக் கொடுக்கிறது சரி. ஆனா அவங்களுக்குத் தெரியாதுல்ல. போன்ல கெஞ்சுவாங்க. சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டு, அக்கா ப்ளீஸ்ம்பாங்க. கெஞ்சத் தெரிஞ்சவனுக்குக் கிடைக்கும், தெரியாதவனுக்குக் கிடைக்காது. அது நல்லாயில்ல."

வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இப்படிச் சொன்னார். சொல்லாமல் கொடுத்தால் அது தர்மம். எழுதிவைத்துக் கொடுத்தால் அது உரிமை. தர்மத்துக்குக் கை நீட்ட வேண்டும்; உரிமைக்கு வேண்டாம். ரயில்வேயைப் பாருங்கள். நாம் டிக்கெட்டை ரத்து செய்தால், கிளம்பும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். ரயிலையே ரத்து செய்தால் முழுப்பணம். யாரும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சுவதில்லை. யார் ரத்து செய்தார்கள் என்பதை வைத்தே கணக்கு மாறுகிறது என்ற எளிய விஷயத்தைத்தான் மூன்று பொத்தான்கள் சொல்லாமல் விட்டுவிட்டன.

நோட்டின் கணக்கும் அக்கா பக்கம் திரும்பியது. மனம் மாறிய 19 ராத்திரிகளுக்கும் பாதி முன்பணத்தை வைத்துக்கொண்டிருந்தால் ரூ. 23,750. கடலும் விமானமும் கெடுத்த 7 ராத்திரிகளுக்கு ஒரு பைசா வாங்காமல் விட்டிருந்தாலும் நஷ்டம் ரூ. 17,500. போன சீசனில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, கோவா போனவர்களின் விடுமுறைக்கும் சேர்த்து அக்கா படியளந்திருக்கிறார். ஒரு பக்கம் கண்டிப்பாக இருந்தால்தான் இன்னொரு பக்கம் இரக்கம் காட்டக் கட்டுப்படியாகும்.

"கோவாவுக்கா?" என்றார் அக்கா. முதல்முறையாக அவர் முகத்தில் கோபம்.

எழுதத் தொடங்கினோம். தளத்தில் மூன்றாவது பொத்தான். அதோடு, வீட்டு விவரத்திலும் போனில் பதிவு செய்கிறவர்களுக்கு அனுப்பும் செய்தியிலும் எங்கள் சொந்த விதி. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, இந்தியை மகன் பார்த்துக்கொள்வார்.

'உங்கள் திட்டம் மாறினால்: 30 நாள் முன்பு சொல்லுங்கள், முன்பணம் முழுதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு சொன்னால் வராது. ஆனால் அந்த அறைக்கு வேறு யாராவது வந்துவிட்டால் உங்கள் பணம் உங்களுக்கே.' இந்தக் கடைசி வரி அக்காவுடையது. "ஒரே ராத்திரிக்கு ரெண்டு பேர்கிட்ட வாங்கினா அது திருட்டு."

'விமானமோ கப்பலோ படகோ ரத்தானால்: வராத முதல் ராத்திரிக்கு மட்டும் பாதி வாடகை. மற்ற ராத்திரிகளுக்கு எதுவும் இல்லை. ரத்துச் செய்தியைக் காட்டினால் போதும்.' இந்தப் பாதிக்காக ஒரு மணி நேரம் போயிற்று. அக்கா எதுவும் வேண்டாம் என்றார். மகன் முழுசாக வேண்டும் என்றார். யாருடைய தப்பும் இல்லாத நஷ்டத்தை ஏன் ஒருவரே சுமக்க வேண்டும், ஒரு ராத்திரியை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்று முடிவானது.

படகு ஓடுகிறது, ஆனால் டி.வி.யில் புயல் என்று சொன்னதைக் கேட்டுப் பயந்துவிட்டார்கள் என்றால்? பணம் திரும்ப வராது. ஒரு வருஷத்துக்குள் ஒருமுறை தேதியை மாற்றிக்கொள்ளலாம். எங்களால் அறை தர முடியாமல் போனால்? முழுப்பணமும் தருவோம், பக்கத்தில் வேறு இடம் பிடித்துத் தருவோம், அங்கே வாடகை கூடுதலானால் அந்த வித்தியாசம் எங்கள் செலவு.

சாவு, ஆஸ்பத்திரி என்று ஒரு வரி எழுதப் போனேன். அக்கா தடுத்தார். "அதுக்கெல்லாம் விதி வேண்டாம் தம்பி. டாக்டர் சீட்டு காட்டுன்னு நான் கேட்க மாட்டேன். போன் பண்ணட்டும், பேசிக்கலாம்." எழுதக்கூடியதை எழுதியாயிற்று. எழுதக் கூடாததை விட்டுவிட்டோம். ஊர்ப்பெயருக்குக் கொஞ்சம் இடம் வேண்டாமா?

தலைப்பில் 'ரத்து விதிகள்' என்று போட்டேன். 'ரத்து' என்பது உருது வழியாக நம்மிடம் வந்த அரபிச் சொல். மூலத்தில் 'ரத்' என்றால் திருப்புதல், திருப்பிக் கொடுத்தல் என்றும் பொருள் உண்டு. நாம் அந்தச் சொல்லின் இல்லை என்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கிற பாதியை விட்டுவிட்டோம். இதை மகனிடம் சொன்னேன். "இதையும் போடணுமா சார்?" என்றார் கவலையோடு. வேண்டாம் என்றேன்.

ஒன்று பாக்கி இருந்தது. வர முடியாதவர்களுக்கு விதி எழுதியாயிற்று. போக முடியாதவர்களுக்கு? 2016இல் நடந்த மாதிரி, திரும்பும் விமானம் ரத்தாகி மேற்கொண்டு ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால்? முழு வாடகை வாங்கலாம், அறையில் தங்குகிறார்களே என்றார் மகன். அடுத்த பதிவுக்காரர் வந்து நின்றால் எங்கே போவது என்றேன் நான்.

அக்கா பாக்கை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "யாரு வந்து நிப்பா? இவங்களைக் கூட்டிட்டுப் போற பிளேன்லதானே அவங்க வரணும்?"

அம்மாவையும் பிள்ளையையும் ஒரு வாரம் பிரித்துவைத்த கணக்கு அதோடு தீர்ந்தது. வருகிறவரை நிறுத்துகிற கடல்தான் போகிறவரையும் நிறுத்துகிறது. தீவில் இந்த இரண்டு கஷ்டமும் ஒரே நாளில், ஒரே அறைக்கு வருகின்றன. வர முடியாதவர் பாதி கொடுத்துவிட்டார். போக முடியாதவர் மிச்சப் பாதியைக் கொடுத்தால் போதும். வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை, யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. 'உங்கள் விமானமோ படகோ ரத்தாகி இங்கேயே தங்க நேர்ந்தால்: முதல் ராத்திரிக்குப் பாதி வாடகை' என்று எழுதி முடித்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அறைகள் தளத்தில் ஏறின.

நான்காம் நாள் காலை கிளம்பும்போது கணக்கைக் கேட்டேன். மகன் தாளில் எழுதிக் காட்டினார். தங்கிய ராத்திரிகள் தனியாக. கீழே ஒரு வரி: 'விமானம் ரத்து, முதல் ராத்திரி, பாதி: ரூ. 1,250.'

அந்த விதி நேற்றுத்தானே வந்தது, நான் பதிவு செய்தது போன மாதம் என்று சட்டம் பேசிப் பார்த்தேன். அக்கா ஒரு பொட்டலம் பாக்கை என் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எழுதினவரே கட்டலைன்னா எப்படி தம்பி?"

கட்டினேன்.